புகைக்குழாயின் மூன்றாவது நட்டு

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த தோமியோவுக்கு முதலில் தெரிந்தது இரண்டு ரப்பர் பூட்ஸ்தான். மூடுபனிக்குள்ளிருந்து வந்து நின்ற வேனிலிருந்து அவை இறங்கின. அளவைப் பார்த்ததுமே மச்சான் ரோகுரோ என்று தெரிந்துவிட்டது. அந்தக் கரையில் அவ்வளவு பெரிய பாதம் வேறு யாருக்கும் கிடையாது. தோமியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு வேனின் அடுத்த பக்கத்தைப் பார்த்தான். இன்னொரு ஜோடிக் கால்கள், மனைவி கினுவின் சின்னக் கால்கள், இறங்குமா என்று பார்த்தான். கதவு ஒரு தடவைதான் சாத்தப்பட்டது.

"மாப்ள, வெளிய வாரும்."

தோமியோ முழங்கையை ஊன்றி நகர்ந்து வெளியே வந்தான். முகம் முழுக்கத் துருத்தூள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கினு வரலையா மச்சான்?" என்றான்.

"வரலை."

கூட்டுறவுக் கம்பத்தில் அன்று சிவப்புக் கொடி. மூடுபனி விலகாத நாளில் கடல்பாசி எடுக்கப் படகு இறக்கக் கூடாது. குரோமிசாகிக் கிராமத்தில் மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். செப்டம்பர் முடியப் போகிறது. இன்னும் மூன்று வாரம் போனால் அந்த வருஷத்துப் பாசி முடிந்தது. அதற்குப் பிறகு பனிக்காலம்தான்.

ரோகுரோ குனிந்து, டார்ச் லைட்டை வண்டிக்கு அடியில் அடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

பதினாலு வருஷத்துச் சின்ன லாரி வண்டி அது. படகு கரைக்கு வந்ததும் நீள நாடாவாக இருக்கும் ஈரப் பாசியைக் குவித்து ஏற்றிக்கொண்டு, மணலிலும் கூழாங்கல்லிலும் உருண்டு, காயவைக்கும் களத்துக்குப் போவதுதான் அதன் பிழைப்பு. பலகை இடுக்கு வழியாகக் கடல் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் ரோட்டில் பனி உருகத் தூவுகிற உப்பு வேறு. அடியிலிருந்த இரும்பெல்லாம் பொருக்குத் தட்டி, தொட்டால் உதிர்ந்தது. என்ஜின் இருப்பது சீட்டுக்கு நேர் கீழே. அந்த என்ஜினோடு புகைக்குழாய் சேருகிற இடத்தில் மூன்று போல்ட், மூன்று நட்டு. அந்த மூட்டு விட்டுப்போய் இரண்டு வருஷமாகிறது. தோமியோ மீன் டின்னை வெட்டி அதன்மேல் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தான். கம்பி இற்றுப்போனால் புதுக் கம்பி. இரண்டு வருஷமும் அப்படியே ஓடிற்று.

"எத்தனை நாளா இதோட மல்லுக்கட்டுதீரு?"

"முந்தாநாள் ஆரம்பிச்சேன்."

"எந்த ஸ்பேனரு?"

தோமியோ காட்டினான். ரோகுரோ வாங்கிப் பார்த்துவிட்டுத் தரையில் போட்டான்.

"இந்த வளஞ்ச வாயப் போட்டுத் திருகினா என்ன ஆகும்? முதல் நட்டோட மூலையெல்லாம் போச்சு. நட்டா இது? கூழாங்கல்லு மாதிரில்லா இருக்கு."

"கையில கெடந்துது..."

"கையில கெடந்துதுன்னு எதையும் போட்டுத் திருகுவீரு. டின்னு கையில கெடந்துது, சுத்திட்டீரு."

தோமியோ தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்தான். பதிமூன்று நாளைக்கு முன்னால் விடிகாலைத் தூறல். தூறல் விட்டு வெள்ளைக் கொடி ஏறியதும் அவன் படகில் போய்விட்டான். கினு கரையில் வண்டியோடு காத்திருந்தாள். குளிருக்கு என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பாசிப்பாரத்தோடு திரும்பி வந்தவன் கரையிலிருந்து கத்தினான். வண்டி அசையவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னான். அந்த வார்த்தையைச் சொன்ன வாயோடுதான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வெந்நீரில் குளித்து வந்தவள் மாதிரி முகம் சிவந்து, ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தாள். கூப்பிட்டால் ஏன் என்று கேட்கவில்லை. அவனும் பக்கத்து வீட்டுக்காரி உமேயோவுமாக இழுத்துக் கூழாங்கல்லில் போட்டார்கள்.

இன்னும் பத்து நிமிஷம் அந்தப் புகையைச் சுவாசித்திருந்தால், என்றார் டாக்டர். மேலே சொல்லவில்லை. இரண்டாம் நாள் கண் திறந்த கினு, "பாசி நனஞ்சிட்டா?" என்று கேட்டாள். உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் பேசும்போது வார்த்தை இடையில் தொலைந்துபோயிற்று. இடது கைக்குப் பிடிமானம் இல்லை. பித்தான் போட வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ரோகுரோ அவளை டவுனில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். "கொஞ்சம் தேறட்டும்" என்று மட்டும் சொன்னான். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. தோமியோவும் கேட்கவில்லை.

"இத சரி பண்ணிட்டு அவளக் கூட்டிட்டு வரலாம்னு பாத்தேன்" என்றான் இப்போது.

ரோகுரோ அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகக் காட்டவில்லை. வேனின் பின்கதவைத் திறந்து கருவிப் பெட்டியை இறக்கினான். டவுனில் அவனுக்கு ஒரு சின்னப் பட்டறை. படகு என்ஜினும் டிராக்டரும்தான் முக்காலும் வரும்.

"ரெண்டு மரக்கட்டை கொண்டாரும். வெறும் ஜாக்கிய நம்பி அடியில படுத்திருக்கீரே, உமக்கு மரை கழண்டு போச்சா?"

"மரை கழல மாட்டேங்குதுன்னுதானே மச்சான் படுத்திருக்கேன்."

வாய்தவறி வந்துவிட்டது. ரோகுரோவின் உதடு ஒரு ஓரம் லேசாக அசைந்தது. பிறகு சரியாகிவிட்டது.

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுப்பதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு மூன்று நட்டின் தலையிலும் துருவிளக்கி எண்ணெய் விட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டினான் ரோகுரோ. தட்டுவான். எண்ணெய் விடுவான். திரும்பவும் தட்டுவான்.

"அடிச்சா வராது. அதிர்ந்தாத்தான் எண்ணெய் உள்ள எறங்கும். இனி கொஞ்ச நேரம் விட்டுரணும்."

வாசற்படியில் உட்கார்ந்தார்கள். தோமியோ தேத்தண்ணீர் ஊற்றிவந்தான். கினு இல்லாத வீட்டில் அவனே போட்ட தேத்தண்ணீர். சாயம் கூடிக் கசந்தது. ரோகுரோ முகத்தைச் சுளிக்காமல் குடித்தான். எதிரே களம் காலியாகக் கிடந்தது. சாம்பல் நிறக் கூழாங்கல், ஒரு புல் இல்லை. வருஷா வருஷம் வசந்தத்தில் கினு முட்டிபோட்டுக்கொண்டு அதில் களை பிடுங்குவாள்.

"உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும் மாப்ள" என்றான் ரோகுரோ. "அவ ஆஸ்பத்திரில கெடக்கையில நான் முடிவு பண்ணிட்டேன், இந்த வாசல மிதிக்கக் கூடாதுன்னு. கண்ணு தெறந்ததும் கேட்டேன். முன்னாலயே ஒனக்கு ஏதாவது தெரிஞ்சுதா, தலை சுத்திச்சா, இவங்கிட்ட சொன்னியான்னு. இல்லண்ணே, ஒண்ணுமே இல்ல, திடீர்னு கண்ண இருட்டிட்டு வந்துது, அவருக்கு என்ன தெரியும்னா. அதையே நாலு தடவ சொன்னா. அதுக்காகத்தான் வந்தேன். தெரியாமப் பண்ணினவன் தெரியாமப் பண்ணினவன்தான்."

தோமியோ கோப்பையைக் கீழே வைத்தான்.

கினு சொல்லியிருந்தாள். மூன்று நாள் சொன்னாள். 'அந்த வண்டில உக்காந்தா மண்டை இடிக்குதுங்க' என்று முதல் நாள் சொன்னபோது அவன் காதில் வாங்கவில்லை. இரண்டாம் நாள் வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கோ என்றான். மூன்றாம் நாள் களத்தில், உமேயோவும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் பாசியை ஒவ்வொன்றாக நீட்டிப் பரத்திக்கொண்டிருக்கையில், திரும்பவும் சொன்னாள். 'வேலைன்னா ஒனக்கு மண்டை இடிக்கத்தானே செய்யும்' என்றான் எல்லார் முன்னாலும். பெண்கள் சிரித்தார்கள். கினுவும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குனிந்து பாசியைப் பரத்தினாள்.

"வாரும், பாப்போம்" என்று ரோகுரோ எழுந்தான்.

மூலை மழுங்கிய நட்டின்மேல் ஒரு அளவு சின்னப் பெட்டி ஸ்பேனரை வைத்து, சுத்தியலால் அடித்து ஏற்றினான். அது கவ்விக்கொண்டது. முதலில் கழற்றுகிற பக்கம் திருப்பவில்லை. இன்னும் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பினான். கிறீச்சென்று ஒரு சத்தம். "அந்தா, அசஞ்சிட்டு" என்றான். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால், எண்ணெய், திரும்பவும் முன்னால் பின்னால். பத்து நிமிஷத்தில் அது கையோடு வந்துவிட்டது. இரண்டாவதற்கு நெருப்பு வைக்கவேண்டியிருந்தது. கேஸ் நெருப்பில் நட்டு செந்நிறமாக வெந்ததும் நெருப்பை எடுத்துவிட்டு, மெழுகுவத்தியை அதன்மேல் வைத்தான். மெழுகு உருகிப் புகைந்து மரைக்குள் இறங்கியது.

"இப்பத் திருப்பும்."

தோமியோ திருப்பினான். வராது என்று நினைத்துப் பலமாகப் போட்டவனுக்கு அது வெண்ணெயாகச் சுழன்றது. மரக்கட்டையில் விரல்முட்டி இடித்துத் தோல் உரிந்தது. வலி அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

மதியத்துக்கு உமேயோ சோற்று உருண்டையும் உப்பிட்ட சால்மனும் முள்ளங்கி ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தாள். "கினு எப்படி இருக்கா?" என்று ரோகுரோவைக் கேட்டாள். "பித்தான் போட்டுப் பழகுதா. நாலுல ரெண்டு போட்டுடுதா" என்றான் அவன். உமேயோ தோமியோவை ஒரு தடவை பார்த்தாள். அவளும் அன்றைக்குச் சிரித்தவள்தான். வெறும் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது நட்டு உள்பக்கம் இருந்தது. கை நுழைவதே பாடு. இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க அடியில் படுத்துக்கொண்டார்கள். மூன்று தடவை சுட்டு, மூன்று தடவை மெழுகு வைத்தும் அது இம்மி அசையவில்லை. நாலாம் தடவை ரோகுரோ நெருப்பைப் பிடித்திருந்தான். அந்த நீல வெளிச்சத்தில் அவன் முகத்தில் வியர்வை வழிந்தது. கினுவின் முகத்தில் இருக்கிற அதே அகலமான நெற்றி.

"மச்சான், அவ சொன்னா."

"என்னது?"

"தலை வலிக்குன்னு. வண்டில உக்காந்தா வலிக்குன்னு சொன்னா. மூணு நாள் சொன்னா."

நெருப்பு சீறிக்கொண்டிருந்தது.

"நீரு என்ன சொன்னீரு?"

"கேலி பண்ணினேன். நாலு பேரு முன்னால."

ரோகுரோ நெருப்பை அணைத்தான். கேஸ் டார்ச்சை மெதுவாகத் தன் வயிற்றுக்கு அந்தப் பக்கம், தோமியோமேல் படாத இடத்தில் வைத்தான். ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டினான். முன்னும் பின்னும் ஆட்டவில்லை. உடம்பின் மொத்தப் பலத்தையும் அதில் இறக்கி ஒரே இழுப்பாக இழுத்தான். டக்கென்று ஒரு சத்தம். நட்டும் அதோடு முறிந்த போல்ட் துண்டும் தோமியோவின் கழுத்துப் பக்கத்தில் விழுந்தன. சூடு தாளாமல் தலையைத் திருப்பிக்கொண்டான். மீதி போல்ட் என்ஜினுக்குள் மாட்டிக்கொண்டு நின்றது.

ரோகுரோ வெளியே போனான். பூட்ஸ் கூழாங்கல்லில் கரகரவென்று கடற்கரைப் பக்கம் போகிற சத்தம் கேட்டது. வேன் கிளம்புகிற சத்தம் எப்போது கேட்கும் என்று தோமியோ காத்துக்கிடந்தான். அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம்தான். யாரிடம் கேட்க வேண்டியதை யாரிடம் கேட்பது? குளிர் முதுகில் ஏறியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அரைமணி நேரம் இருக்கும். பூட்ஸ் திரும்பி வந்தது.

"துளை போட்டுத்தான் எடுக்கணும்" என்றது குரல். "வேன்ல டிரில்லு இருக்கு. கொண்டாரும். வெளக்கையும் எடுத்துக்கிடும்."

அதற்குப் பிறகு வேலைக்குரிய பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. முறிந்த தண்டின் நட்ட நடுவில் குத்தி அடையாளம் வைத்து, மெல்லிய ஊசியில் ஆரம்பித்துப் படிப்படியாகத் துளையைப் பெரிதாக்கினான் ரோகுரோ. கொஞ்சம் சரிந்தாலும் என்ஜின் மரை கெட்டுவிடும். தோமியோ விளக்கைப் பிடித்திருந்தான். சுடச்சுட இரும்புச் சீவல் கன்னத்தில் விழுந்தபோதும் விளக்கை அசைக்கவில்லை. கடைசியில் கூடாகிப்போன போல்ட்டை உளியால் உள்ளுக்கு மடக்கி, குறடால் உருவி எடுத்தான். பொழுது சாயும்போது ரோகுரோ வேனில் கொண்டுவந்திருந்த புது போல்ட், புது கேஸ்கட், புதுக் குழாய் எல்லாம் ஏறிவிட்டன. மூன்று நட்டிலும் ரோகுரோ செம்பு மசகைத் தடவித்தான் முடுக்கினான்.

என்ஜினை ஓடவிட்டு, வால்குழாயைத் துணியால் அமுக்கிக்கொண்டு மூட்டுப் பக்கம் காதைக் கொடுத்தான். ஈரக் கையை வைத்து மூட்டைச் சுற்றிலும் தடவினாற்போல் காட்டினான்.

"கசியலை."

கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னான்: "நாளைக்கு வாரும். நான் அவகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்கிட்ட சொல்லிட்டீருன்னு நீரே அவகிட்ட சொல்லும்."

மறுநாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வெள்ளைக் கொடி. குரோமிசாகியின் அத்தனை படகுகளும் கடலில் கிடந்தன. தோமியோ மட்டும் கடலைப் பாராமல் டவுனுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். கண்ணாடிகள் இரண்டையும் இறக்கிவிட்டிருந்தான்.

பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையில் கினு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழைய சட்டை. அவனைப் பார்த்ததும், "இன்னிக்கு வெயிலு" என்றாள். கொஞ்சம் தேடி, "பாசிக்குப் போகலையா?" என்று முடித்தாள்.

"போகலை."

"இப்படி ஒரு வெயிலு... மிச்ச மூணு வாரத்துல வராது."

"கினு, மச்சான்கிட்ட சொல்லிட்டேன். நீ எங்கிட்ட சொன்னத. நான் கேலி பண்ணினத."

அவள் கைகள் சட்டைமேல் நின்றன. கதவருகே ரோகுரோ வந்து நின்றதை இருவரும் பார்த்தார்கள்.

"எதுக்குச் சொன்னீங்க?"

"மனசு கேக்கலை."

"ஒங்க மனசு கேக்கலை." அவள் குரல் உயரவில்லை. வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்துவைத்தாள். "நான் அங்க படுத்துக்கிட்டு, வாயில ஒரு சொல்லு வராம, யோசிச்சு யோசிச்சு... கட்டின பொய்யி அது. ஒங்களக் காப்பாத்தன்னு நெனச்சீங்களோ? அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னப் போக விட மாட்டாரு. எனக்கு வீட்டுக்குப் போகணும். அதுக்காகச் சொன்னேன். ஒங்களுக்கு மனசு லேசாகணும்னு... என் வழிய அடைச்சிட்டு வந்து நிக்கீங்க."

தோமியோவுக்கு இது தோன்றியே இருக்கவில்லை. உண்மையைச் சொன்னதால் கொஞ்சம் நல்லவனாகிவிட்டோம் என்றுதான் காலையில் முகம் கழுவும்போதுகூட நினைத்திருந்தான்.

"நீ போக வேண்டாம்மா" என்றான் ரோகுரோ. "இங்க இரு. ஒன்னச் சொல்லச் சொல்லக் கேக்காதவனோட..."

"அண்ணே, நீங்களும் சும்மா இருங்க. ஒருத்தர் அடைக்கவும் ஒருத்தர் தொறக்கவும் நான் என்ன கோழிக்கூடா?" சட்டையை மடிக்கப் பார்த்தாள். இடது கை ஒத்துழைக்கவில்லை. சுருட்டி வைத்தாள். "அது எங்க வீடு. அந்தக் களத்துல ஒவ்வொரு கல்லும் நான் பொறுக்கிப் போட்டது. கோவம் இருக்கு. நெறைய இருக்கு. அத அங்க வச்சே படுதேன். இங்க ஒங்க வீட்டுல ஒக்காந்து எதுக்குப் படணும்?"

ரோகுரோவின் மனைவி உள்ளேயிருந்து கினுவின் துணிப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு இது முன்பே தெரிந்திருக்கும்போல.

கினு மெதுவாக நடந்து வண்டியருகே வந்தாள். கதவுப் பிடியில் கையை வைத்தாள். உள்ளே சீட்டைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பார்த்தாள். பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"நல்லா சரி பண்ணியாச்சு கினு" என்றான் தோமியோ. "மச்சான் கை வச்சுப் பாத்தாரு. ஒரு பொட்டு கசியலை."

"தெரியும். அண்ணன் செஞ்சா சரியாத்தான் இருக்கும்." ரோட்டைப் பார்த்தாள். "நீங்க முன்னால போங்க. நான் பதினொண்ணே கால் பஸ்ல வாரேன்."

தோமியோ தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினான்.

ரோகுரோ வண்டி ஜன்னலருகே வந்து நின்றான். "மாசத்துக்கு ஒருதடவ வந்து பாப்பேன்" என்றான்.

"வண்டியவா மச்சான்?"

"வண்டியவும்."

தோமியோ டவுன் எல்லையில் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்தான். பஸ் தென்பட்டதும் அதற்கு முன்னால் கிளம்பினான். கடலை ஒட்டிய ரோட்டில் முந்திப்போக இடம் இல்லை. கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவன் மெதுவாகப் போக, பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். கொஞ்சம் வேகம் கூட்டினால் பஸ் சிறுத்துப்போயிற்று. உடனே குறைத்தான். திரும்பவும் ஹாரன். முன் சீட்டில், டிரைவருக்குப் பின்னால், பையை மடியில் வைத்துக்கொண்டு கினு இருந்தாள். இத்தனை தூரத்தில் முகம் தெரியவில்லை. இடப்பக்கம் களங்களில் பெண்கள் பாசியை நீட்டிப் பரத்திக்கொண்டிருந்தார்கள். கரி நிறத்தில் கோடு கோடாக அது வெயிலில் மின்னியது. யாரோ கையை ஆட்டினார்கள். அவன் பார்க்கவில்லை.

குரோமிசாகி நிறுத்தத்தில் வண்டியை விட்டு இறங்கி நின்றான். பஸ் டிரைவர் அவனை முறைத்துவிட்டுக் கதவைத் திறந்தான். கினு படியில் வலது கையை ஊன்றி இறங்கினாள். பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் மேடு. பாதி வழியில் கினுவுக்கு மூச்சு வாங்கியது. நின்றாள். அவன் பையைத் தரையில் வைத்தான். அவள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஈரப் பாசியை ஏற்றிக்கொண்டு உமேயோவின் புருஷன் பின்னால் வந்தவன், வண்டியை நிறுத்தினான்.

"ஏறுங்க ரெண்டு பேரும். வீட்டு வாசல்ல எறக்கி விடுதேன்."

தோமியோ கினுவைப் பார்த்தான். அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள்.

"நீ போப்பா. நாங்க நடந்து வாரோம்" என்றான்.

அந்த மேட்டை ஏற அன்றைக்கு அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நிறுத்தத்தில் விட்ட வண்டியை எடுக்க அவன் மறுநாள் காலையில்தான் கீழே போனான்.